அந்த ஐஸ்குச்சி வீட்டுக்கு முதலாமிடம் போட்டது நான்தான்



கொஞ்சம் நீளமான பதிவு. நம்ம ஊர் பெற்றோரும் என்னோடு படிப்பிக்கிற ஆசிரியர்களும் கடைசி வரைக்கும் வாசிக்க வேண்டும். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். முதலில் என்னைத்தான் திட்டப் போகிறேன்.

போன தவணை என் தரம் 3 வகுப்பில் ஒரு கைவேலைக் கண்காட்சி வைத்தேன். வீட்டில் வீசுகிற பொருளை வைத்துப் பயன்படுகிற ஒன்றைச் செய்து கொண்டு வரும்படி பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். மேசை நிறைந்து விட்டது. நடுவில் ஒரு ஐஸ்குச்சி வீடு. குச்சி ஒவ்வொன்றும் புத்தம் புதுசு, ஒன்றில்கூட ஐஸ்கிரீம் கறை இல்லை. உள்ளே பற்றரியில் எரிகிற குட்டி லைட். முற்றத்தில் பச்சைக் கடதாசிப் புல். எட்டு வயதுப் பிள்ளையின் கை அதில் எங்கேயும் படவில்லை என்பது கண் தெரிந்த யாருக்கும் விளங்கும். எனக்கும் விளங்கியது. விளங்கிக்கொண்டே முதலாமிடம் போட்டேன். படம் எடுத்து வகுப்பு வட்ஸ்அப் குழுவில் போட்டேன். மாஷா அல்லாஹ் குவிந்தது.

மேசையின் ஓரத்தில் ஒரு பென்சில் பை கிடந்தது. வாப்பாவின் பழைய சாரனில் வெட்டித் தைத்தது. தையல் ஒன்று நீளம், ஒன்று குட்டை. பாதி வரைக்கும் நீல நூல், அது முடிந்துபோக மிச்சம் கறுப்பு நூல். வாயை மூடுவதற்கு ஒரு சேர்ட் பட்டன். செய்தவன் கடைசி வாங்கில் இருக்கிற, அதிகம் பேசாத ஒரு பையன். அவனுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. "நல்லாயிருக்கு மனே" என்று ஒரு சொல் சொன்னேன், அவ்வளவுதான்.

அடுத்த நாள் இடைவேளையில் என் மேசைக்கு வந்தான்.

"சேர், அடுத்த முறை எவ்வளவு காசு கொண்டு வரணும்?"

"என்னத்துக்கு மனே?"

"கடையில வாங்குறதுக்கு."

அவன் குறை சொல்லவில்லை. நக்கலும் அடிக்கவில்லை. நான் படிப்பித்த பாடத்தைச் சரியாக விளங்கிக்கொண்டு, அடுத்த முறைக்கு ஆயத்தமாக வந்து கேட்டான். அவ்வளவுதான். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆசிரியர்களே, முதலில் நாம். நாம் கொடுக்கிற "ஒப்படை" யாருக்கு? ஞாயிறு இரவு 9 மணிக்கு எந்தக் கடையில் பிரிஸ்டல் போர்ட் இருக்கிறது என்று வாப்பாமார் மோட்டார் சைக்கிளில் அலைகிறார்கள். பிள்ளை தூங்கிவிடும், உம்மா விழித்திருந்து வெட்டி ஒட்டுவார். வசதி உள்ளவர் காசு கொடுத்துச் செய்வித்துக் கொள்வார். வசதி இல்லாதவர் கடன் சொல்லி ரெஜிபோமும் மினுக்கத் தாளும் வாங்குவார். திங்கள் காலை நாம் அதற்குப் புள்ளி போடுகிறோம். யாருக்குப் போட்ட புள்ளி அது? வாப்பாவின் பணப்பைக்கும் உம்மாவின் தூக்கத்துக்கும் போட்டது. அதிகாரிகள் வந்து பார்க்கும்போது வகுப்பறை அழகாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பிள்ளைகளைப் பொய் சொல்லப் பழக்குகிறோம். "இது யார் செஞ்ச?" என்று கேட்டால் "நான்தான் சேர்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்கிறார்களே, அந்தப் பொய்யை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது நாம்.

ஆரம்பப் பிரிவில் நாம் படிப்பிக்கிற பாடத்தின் பெயரே சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள். செயற்பாடு என்றால் செய்வது. நாம் அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுப் பார்த்து எழுதச் சொல்கிறோம். உணவு பற்றி அரைப் பக்கம், உடை பற்றி அரைப் பக்கம். அறுந்த ஒரு பட்டனைத் தைக்கத் தெரியாத பிள்ளைக்கு உடைப் பாடத்தில் முழுப் புள்ளி.

இனிப் பெற்றோர். நான் கேட்கிற பதில்கள் மூன்று.

முதலாவது, நேரம் இல்லை. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், பிறகு ஓதப் போகணும், பிறகு டியூஷன். புலமைப்பரிசில் வருகிறது. தரம் 5 பரீட்சைக்குத் தரம் 2 இலேயே டியூஷன் தொடங்கிவிட்ட ஊர் நம்முடையது. சரி, பரீட்சையை வைத்தே பேசுவோம். பெருநாளைக்கு வட்டிலாப்பம் செய்கிறீர்கள். பத்து முட்டைக்கு 500 கிராம் கித்துள் கருப்பட்டி, ஒரு தேங்காயின் கெட்டிப்பால். நாலு முட்டைதான் இருக்கிறது, கருப்பட்டி எவ்வளவு போடணும் என்று பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். தாளில் விகிதக் கணக்குக்கு அழுகிற பிள்ளை, தராசில் 200 கிராமைத் தானே நிறுத்துப் பார்த்து, வாயில் ஒரு துண்டும் போட்டுக்கொண்டால் அந்தக் கணக்கை மறக்காது. கெட்டிப்பாலுக்கும் தண்ணிப்பாலுக்கும் வித்தியாசம் என்ன, ஆவியில் வெந்ததும் முட்டை ஏன் இறுகுகிறது, கருப்பட்டி எந்த மரத்திலிருந்து வருகிறது? அடுப்படியில் நிற்கிற ஒரு மணித்தியாலத்தில் கணிதமும் இருக்கிறது, விஞ்ஞானமும் இருக்கிறது, வாய் நிறையத் தமிழும் இருக்கிறது. இன்னொன்று. தரம் 1 க்கு வருகிற பிள்ளைகளில் பலருக்குப் பென்சிலை இறுக்கிப் பிடிக்க விரலில் பலம் இல்லை. போன் திரையைத் தடவிப் பழகிய விரல். உள்ளி உரித்த, மாப் பிசைந்த, ஊசியில் நூல் கோத்த விரல் எழுதும்போது எனக்குத் தனியாகத் தெரியும்.

இரண்டாவது, பிள்ளை எல்லாவற்றையும் குழப்பிப் போடும், கையை வெட்டிக்கொள்ளும். குழப்பும்தான். தரையில் மா கொட்டும், முட்டை உடையும். கூட்டத் தெரியாமல் எந்தப் பிள்ளையும் பிறக்கும்போதே கூட்டப் பழகி வருவதில்லை. நெருப்பையும் கத்தியையும் முதல் நாளே கொடுக்கச் சொல்லவில்லை. அஞ்சு வயதில் அரிசியில் கல் பொறுக்கலாம், பேரீச்சம்பழத்தில் கொட்டை எடுக்கலாம். ஆறு, ஏழு வயதில் உள்ளி உரிக்கலாம், அவித்த முட்டைக்குக் கோது நீக்கலாம், ரொட்டிக்கு மா உருட்டலாம். எட்டு வயதில் முனை மழுங்கிய பெரிய ஊசியும் தடித்த நூலும் கொடுத்து, சாக்குத் துண்டில் நூல் ஓட்டப் பழக்கலாம். ஒன்பது, பத்து வயதில் நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு அடுப்பில் கிண்டவும் விடலாம். ஊசி ஒரு தடவை குத்தும். குத்தின பிறகு கவனம் தானாக வரும்.

மூன்றாவதுதான் எனக்குக் கோபம் வருகிற பதில். "சேர், அவன் ஆம்பிளப் புள்ள."

என் வாப்பா டெயிலர். பஸாரில் ஒரு சின்னக் கடையில் நாற்பது வருடம் மெஷின் மிதித்தார். அந்தத் தையலில்தான் நாங்கள் நாலு பேர் படித்தோம். நானும் ஏழு வயதில் அந்தக் கடையில் இருந்துகொண்டு பட்டன் தைத்தவன்தான். அன்றைக்கு வாப்பாவைப் பார்த்து யாரும் இது பொம்பிளை வேலை என்று சொல்லவில்லை. காசு வந்தால் ஆம்பிளை வேலை, வீட்டில் செய்தால் பொம்பிளை வேலையா? கலியாண வீட்டில் சஹன் சாப்பாட்டுக்குக் கிடாரத்தில் சமைக்கிறவர்கள் யார்? நோன்பு 30 நாளும் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுகிறவர்கள் யார்? எல்லாரும் ஆம்பிளைகள். பின்னேரம் வாளியைத் தூக்கிக்கொண்டு கஞ்சிக்கு வரிசையில் நிற்கிறதும் நம்ம பையன்கள்தான். அந்தக் கஞ்சிக்கு இஞ்சியும் உள்ளியும் உரித்தால் மட்டும் அவன் ஆம்பிளைத்தனம் குறைந்துவிடுமா?

வீட்டில் நபி (ஸல்) அவர்கள் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, வீட்டாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் தொழப் போவார்கள் என்று சொன்னதாக புஹாரியில் வருகிறது. தம் உடுப்பைத் தாமே தைப்பார்கள், செருப்பைத் தாமே செப்பனிடுவார்கள் என்பதும் ஹதீஸில் வந்திருக்கிறது. மிம்பரில் இதைக் கேட்டு ஸுப்ஹானல்லாஹ் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து மகன் ஊசி எடுத்தால் சிரிக்கிறோம். எந்த ஸுன்னத்தைப் பின்பற்றுகிறோம் நாம்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பெண் பிள்ளைகளிடம் இந்த வேலைகளை விளையாட்டாகக் கொடுப்பதில்லை, சுமையாகக் கொடுக்கிறோம். காக்கா பந்தடிக்கப் போவான், தங்கச்சி கோப்பை கழுவுவாள். நான் கேட்பது அதுவல்ல. மகனுக்கும் மகளுக்கும் ஒரே பாயில், ஒரே நேரத்தில், ஒரே வேலை.

கைவேலை என்பது நமக்கு வெளியிலிருந்து வந்த பாடம் இல்லை. நம்ம கிழக்கு மாகாணத்து மூத்தம்மாமார் பன் அறுத்துக் காய வைத்து, சாயத்தில் அவித்து, பாய் இழைத்தவர்கள். பக்கத்தில் குந்தியிருந்து பன்னை நிறம் நிறமாகப் பிரித்துக் கொடுத்தது பிள்ளைகள்தான். ஓலையில் காற்றாடியும் பந்தும் ஈர்க்கில் விளையாட்டுச் சாமானும் காசு கொடுத்து யாரும் வாங்கியதில்லை. மருதமுனைக் கைத்தறிச் சாரன் எங்கே போனாலும் பெயர் சொல்லும். இன்றைக்கு நம்ம பிள்ளைக்குக் கைவேலை என்றால் கடையில் பைக்கற்றில் தொங்குகிற ஒரு பொருள். சாரன் கிழிந்தால் வீசிவிடுவோம், பாய் வேண்டுமென்றால் பிளாஸ்டிக்.

"இந்தக் காலத்தில் இதெல்லாம் எதற்கு, சல்லி இருந்தா வாங்கலாம்" என்பவர்களுக்கு ஒரு ஞாபகமூட்டல். 2022 ஐ மறந்துவிட்டோமா? கேஸ் வரிசையில் ராத்திரி ராத்திரியாக நின்றோம். சல்லி வைத்திருந்தவருக்கும் கேஸ் இல்லை, பால்மா இல்லை, கரண்ட் இல்லை. அந்த நாட்களில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டத் தெரிந்த வீடு சாப்பிட்டது. எங்கள் வீட்டில் என் உம்மாவுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்திருக்கவில்லை, வெட்கத்தோடு சொல்கிறேன்.

உம்மா வெளிநாட்டில், பிள்ளை மூத்தம்மாவோடு என்கிற வீடுகளும் என் வகுப்பில் இருக்கின்றன. அந்த மூத்தம்மாவுக்குப் போனில் பாடம் சொல்லிக் கொடுக்கத் தெரியாது. பாய் இழைக்கத் தெரியும், கொழுக்கட்டை பிடிக்கத் தெரியும், கிழிந்ததை மூட்டத் தெரியும். பேரப்பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க அவரிடம் நிறைய இருக்கிறது. "உங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று அவரை ஓரத்தில் இருத்தி வைத்ததும் நம்ம ஒப்படைகள்தான்.

சரி, என்ன செய்யலாம்? என் வகுப்பில் நான் செய்யப் போவதைச் சொல்கிறேன்.

இனி வீட்டுக்குக் கைவேலை ஒப்படை இல்லை. எல்லாம் வகுப்பில், என் கண் முன்னால், பிள்ளையின் கையால். முதலாமிடம், இரண்டாமிடம் இல்லை. கொண்டு வர வேண்டியது ஒரு பழைய துணித் துண்டு, ஒரு பட்டன். நூலும் ஊசியும் நான் தருகிறேன். மாரி காலத்தில் வெள்ளம் வந்து விளையாட்டு முற்றம் மூழ்கினால் அந்த வாரம் தையல் வாரம். கோணலாக வந்தால் கோணலாகவே சுவரில் தொங்கும். யாராவது அதிகாரி வந்து "என்ன இது?" என்று கேட்டால் பதில் சொல்லப் போவது நான்.

பெற்றோரிடம் கேட்பது ஒன்றே ஒன்று. நோன்பு வருகிறது. இந்த நோன்பில் உங்கள் பிள்ளைக்கு அடுப்படியில் நிரந்தரமாக ஒரு வேலை கொடுங்கள். மகனுக்கும்தான். கஞ்சிக்கு அரிசி பொறுக்குவதோ, இஞ்சி சீவுவதோ, நோன்பு திறக்கிற பாயை விரித்துக் கோப்பை வைப்பதோ, எதுவானாலும் 30 நாளும் அது அவனுடைய வேலை. வேறு யாரும் தொடக்கூடாது. மறந்துவிட்டால் அன்றைக்குக் கஞ்சியில் இஞ்சி இல்லாமல் குடியுங்கள். பெருநாளைக்கு வட்டிலாப்பக் கருப்பட்டியைச் சீவ விடுங்கள். பாதியைத் தின்றுவிடுவான். பரவாயில்லை, நீங்களும் அப்படித்தான் இருந்தீர்கள்.

கடைசியாக அந்தப் பையனைப் பற்றி. ஒரு கிழமை கழித்து அவனைக் கூப்பிட்டு, அந்தப் பென்சில் பையைத் திருப்பிக் கொண்டு வரச் சொன்னேன். எல்லாருக்கும் முன்னால் காட்ட நினைத்தேன். என் பிழையைத் திருத்திக்கொள்ள நினைத்தேன்.

"அது இல்ல சேர்" என்றான். "உம்மா அடுப்படித் துணியாக்கிட்டா."

அவன் உம்மாமேல் எனக்குக் கோபம் இல்லை. பள்ளிக்கூடமே மதிக்காத ஒன்றை அவர் எதற்காகப் பத்திரப்படுத்த வேண்டும்? "இன்னொன்று தைப்பியா மனே?" என்று கேட்டேன். தோளைக் குலுக்கினான். நேற்று என் வாப்பாவின் பழைய டப்பாவிலிருந்து ஒரு நீல நூல்கட்டை எடுத்து என் பையில் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை அவன் பக்கத்து வாங்கில் இருந்து நானும் ஒன்று தைக்கப் போகிறேன். அவன் தைப்பானா என்று தெரியாது.

ஆசிரியர்மாரே, உங்கள் மேசையின் ஓரத்திலும் இப்படி ஒரு பை கிடக்கும். போய்ப் பாருங்கள்.

பிழை இருந்தால் சொல்லுங்கள். கோபம் இருந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். வஸ்ஸலாம்.