வறுமை வளர்த்ததும் வாட்டியதும்

விருதுநகருக்கும் காரியாபட்டிக்கும் இடையே, வானம் பார்த்த கரிசல் நிலத்தின் நடுவே அமைந்த ஊர் மல்லாங்கிணறு. இவ்வட்டாரத்துப் பெரியோர் கூடும் இடங்களில் அடிக்கடி எழும் கூற்று ஒன்றுண்டு: "நாங்கள் பட்ட துன்பமே எங்களை மனிதராக்கியது, இன்றைய பிள்ளைகளுக்கு எதன் அருமையும் தெரியவில்லை." இதில் உண்மை உண்டு. முழு உண்மையும் இதுதானா என்பதே நம் வினா.

மழை பொய்த்தால் பிழைப்பும் பொய்க்கும் மண் இது. சிக்கனத்தையும் அயராத உழைப்பையும் இம்மண்ணே கற்பித்தது. 1922-ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். பின்னர்ப் பட்டாசும் அச்சும் அங்கே தழைத்தன. வறட்சி ஊக்கமாக மாறியதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் அத்தொழிலின் மறுபக்கத்தை மறத்தலாகாது. விடியுமுன் ஊர்தி ஏறிச் சென்று, சட்டங்களில் தீக்குச்சி அடுக்கிய சிறார்களும் துன்பத்தில்தான் வளர்ந்தனர். அத்துன்பம் அவர்களிடமிருந்து பள்ளியைப் பறித்தது. ஈடாக எதையும் தரவில்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. சிவகாசித் தொழிற்சாலைகளைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறிப் பணியமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது அத்தீர்ப்பு. துன்பம் தானாகவே பண்பை வளர்க்குமாயின் இவையெல்லாம் எதற்கு?

அவ்வாறாயின் பண்பை வளர்ப்பது எது? விடை விருதுநகரிலேயே இருக்கிறது. 1903-இல் அங்கே பிறந்த காமராசர் சிறுவயதில் தந்தையை இழந்தார். படிப்பை இடையில் விட்டு மாமன் துணிக்கடையில் பணிபுரிந்தார். முதலமைச்சரான பின், "நான் பட்டதை இவர்களும் படட்டும்" என்று அவர் எண்ணவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவுத் திட்டத்தை 1956-இல் தொடங்கினார். பட்ட துன்பத்தைப் பிறர் படாமற் காத்ததே அவர் பெற்ற பண்பு.

பெரியோர்களே, உங்கள் இளமைத் துன்பங்களை எங்களுக்குச் சொல்லுங்கள். அவற்றை எங்கள் மீது ஏற்ற விரும்பாதீர்கள். மாணவத் தோழர்களே, இன்று கல்லூரி வகுப்பில் நாம் அமர்ந்திருப்பது யாரோ ஒருவர் வெயிலில் நின்றதன் பயன். அந்நிழலை அடுத்தவருக்கும் விரித்தலே நாம் அக்கடனைத் தீர்க்கும் வழி.