"கலர் மேட்ச் ஆகாது சார்" என்றால், "கலர் கோடு என்ன?" என்று கேளுங்கள்

இன்று கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். நீளமாகவும் இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

கார் கதவில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் என்ன சொல்கிறார்கள்? "டச்-அப் பண்ணா கலர் மேட்ச் ஆகாது சார். முழுக் கதவையும் அடிச்சிடலாம். இன்ஷூரன்ஸ்ல போட்டுக்கலாம், உங்களுக்குச் செலவே இல்லை." போன மாதம் என் தம்பி மகனுக்கும் இதே பாட்டுதான். உங்களில் பல பேர் இதைக் கேட்டுத் தலையாட்டியிருப்பீர்கள். இந்த மூன்று வாக்கியங்களையும் ஒவ்வொன்றாகத் திருத்துவோம்.

முதல் வாக்கியம்: மேட்ச் ஆகாது.

கார் உலகில் வெறும் "வெள்ளை" என்று ஒரு நிறம் கிடையாது. டொயோட்டாவின் சூப்பர் ஒயிட் 040. ஹோண்டாவின் டஃபெட்டா ஒயிட் என்.எச். 578. மாருதியின் சுப்பீரியர் ஒயிட் 26 யு. ஃபோக்ஸ்வாகனின் கேண்டி ஒயிட் எல்.பி. 9 ஏ. நான்கும் வெள்ளை, நான்கும் வேறு வேறு. "ஒயிட் டச்-அப் ஒண்ணு குடுங்க" என்று வாங்கிப் பூசினால் தேமல் மாதிரிதான் தெரியும். அது பெயின்ட்டின் குற்றமா, எண்ணைக் கேட்காமல் கொடுத்தவர் குற்றமா?

அந்த எண் ரகசியம் ஒன்றுமில்லை. உங்கள் வண்டியிலேயே ஒட்டியிருக்கிறது. டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, கதவு வந்து பொருந்தும் தூணில் ஸ்டிக்கரோ தகடோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பானட்டைத் திறந்து பாருங்கள். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வைத்திருப்பவர்கள் டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியிலும், சர்வீஸ் புத்தகத்திலும் தேடுங்கள். டொயோட்டா தகட்டில் "சி/டி.ஆர்." என்று இருக்கும். அதற்கு அடுத்து முதலில் வருவது வெளி நிறம், சாய்கோட்டுக்குப் பின்னால் வருவது உள்ளே சீட், மெத்தையின் நிறம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஆர்.சி. புத்தகத்தை நம்பிப் போகாதீர்கள். அதில் நிறத்தின் பெயர்தான் இருக்கும், கோடு இருக்காது. 17 இலக்க சேஸிஸ் எண்ணிலும் நிறம் ஒளிந்திருக்கவில்லை. ஆனால் ஸ்டிக்கர் கிழிந்துபோயிருந்தால், அந்த எண்ணை வைத்துக் கம்பெனி டீலர் தன் பதிவேட்டில் பார்த்துச் சொல்ல முடியும். கேளுங்கள், சொல்லட்டும்.

நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும். கோடு கிடைத்தாலே நூற்றுக்கு நூறு வந்துவிடாது. பத்து வருடம் வெயிலில் நின்ற வண்டி கொஞ்சம் வெளுத்திருக்கும். மெட்டாலிக் நிறத்தில் அலுமினியத் துகள் இருப்பதால், பூசும் விதத்தைப் பொறுத்துச் சாயல் மாறும். சில பேர்ல் நிறங்களுக்கு அடிநிறம் ஒன்று, மேல்நிறம் ஒன்று என்று இரண்டு புட்டி வேண்டும். ஆகவே முதலில் ஒரு வெள்ளை அட்டையில் பூசி, காயவிட்டு, பகல் வெளிச்சத்தில் வண்டிமேல் வைத்துப் பாருங்கள். ஆனால் "முழுசா ஒன்றாகாது" என்பது வேறு, "மேட்சே ஆகாது" என்பது வேறு. அரை உண்மையைச் சொல்லி முழுக் கதவை விற்கக் கூடாது.

இரண்டாம் வாக்கியம்: முழுக் கதவு.

கீறல்மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டவில்லையென்றால் பெரும்பாலும் மேலே இருக்கும் கிளியர் பூச்சோடு நின்றிருக்கும், பாலிஷ் போதும். மாட்டினால் டச்-அப். தகடு தெரிந்தால் துருப் பிடிக்கும் முன் உடனே டச்-அப். தொழிற்சாலையில் பெயின்ட்டைச் சுமார் 140 டிகிரி சூட்டில் வேகவைக்கிறார்கள். வயரும் பிளாஸ்டிக்கும் பூட்டிய வண்டியை ஒர்க்‌ஷாப்பில் அப்படிச் சுட முடியாது, 60 டிகிரி அளவில்தான் காயவைப்பார்கள். ஒரு விரல் கீறலுக்காகத் தேய்த்து எடுத்த அந்தப் பழைய பெயின்ட் திரும்ப வராது. நாளைக்கு விற்கும்போது, வாங்க வருபவர் அந்தக் கதவைத் தட்டிப் பார்த்து, "ஆக்சிடென்ட் வண்டியா?" என்று கேட்பார்.

மூன்றாம் வாக்கியம்: செலவே இல்லை.

இதுதான் பெரிய பொய். கிளைம் போட்டால் முதலில் கட்டாயக் கழிவு உங்கள் கையிலிருந்து: 1500 சி.சி. வரை 1000 ரூபாய், அதற்கு மேல் 2000. அடுத்தது நோ கிளைம் போனஸ். கிளைம் இல்லாத முதல் வருடம் 20 சதவீதத்தில் தொடங்கி, ஐந்து வருடத்தில் 50 சதவீதம் வரை சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் தள்ளுபடி தருவது அது. போனஸுக்குத் தனிப் பாதுகாப்பு எடுக்காதவர்களுக்கு, ஒரே கிளைமில் அது பூஜ்யம். ஐந்து வருடம் சேர்த்ததை ஒரு விரல் கீறலுக்குக் கொடுக்கிறீர்கள். இதற்குப் பெயர் இலவசமா?

பெயின்ட் அடிக்கும் தொழிலாளிமேல் எனக்கு வருத்தமில்லை. கண் பார்வையிலேயே சாயலைப் பிடிக்கும் கைகாரர்கள் அவர்கள். என் கோபம், மேசையில் உட்கார்ந்து வண்டியைப் பார்க்காமலே எஸ்டிமேட் எழுதுபவர்மேல். அதைவிட, எட்டு லட்சம் கொடுத்து வாங்கிய பொருளில் ஒட்டியிருக்கும் நாலு எழுத்தைப் படிக்காத நம்மேல். வகுப்பில் கேள்வி கேட்டவர்கள்தானே நீங்கள்? ஷோரூம் ஏ.சி.யில் மட்டும் ஏன் வாய் அடைத்துப்போகிறது?

வீட்டுப்பாடம்: இன்றைக்கே கீழே இறங்கிப் போய்க் கதவைத் திறந்து, அந்த ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த வண்டி, எந்த இடத்தில் இருந்தது என்று கமென்ட்டில் எழுதுங்கள். அடுத்தவருக்கு உதவும்.