மூன்றாம் ஆள்

காலை ஏழரை மணிக்குக் கைபேசி அடித்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். "ஐயா, இன்னைக்கு வர முடியலைங்கய்யா, மகளுக்குக் காய்ச்சல்." அவ்வளவுதான். என் மகள் கைப்பையை மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பி நிற்பாள். மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் நிற்பாள். எனக்கோ எழுபத்து மூன்று வயது. பேரன் கட்டிலில் படுத்தபடி எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பான்.

அவனுக்கு ஒன்பது வயது. மூளை முடக்குவாதம். தானாக உட்கார முடியாது, பேச்சு வராது. சிரிப்பு நன்றாக வரும். கோரிப்பாளையம் தர்காவிலிருந்து பாங்குச் சத்தம் கேட்டால் தலையைத் திருப்பிக் கேட்பான். எப்போதாவது வலிப்பு வரும். எடை இருபத்து இரண்டு கிலோ. ஒரு நாளில் அவனை எத்தனை முறை தூக்கி இறக்குகிறோம் என்று ஒருமுறை எண்ணிக் குறித்து வைத்தேன். பதினான்கு முறை. அதில் பெரும்பாதி என் மனைவியின் இடுப்பு தாங்கியது.

மருமகனுக்கு வெளியூரில் வேலை. மகள் வேலையை விட்டுவிடட்டும் என்று உறவுக்காரர்கள் சுலபமாகச் சொல்லிவிட்டார்கள். அவள் சம்பளத்தில்தான் மருந்தும் பயிற்சியும் நடக்கின்றன என்பது அவர்களுக்குத் தெரியாது. மத்திய அரசுப் பெண் ஊழியருக்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு மொத்தம் 730 நாள் உண்டு. ஊனமுள்ள குழந்தையானால் வயது வரம்பும் கிடையாது. இமாசலப் பிரதேசத்தில் ஓர் அரசுக் கல்லூரிப் பேராசிரியைக்கு இந்த விடுப்பு மறுக்கப்பட்ட வழக்கில், 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தாயின் பக்கம் நின்று பேசியது. நல்ல செய்திதான். ஆனால் என் மகள் தனியார் கம்பெனிக் கணக்காளர்.

ஆகவே ஆள் தேடினோம். வேலையாள் அனுப்பும் ஓர் ஏஜென்சிக்குப் போன் செய்தேன். "வயசானவங்களைப் பார்க்கவா சார், பச்சப்புள்ளையப் பார்க்கவா?" என்றார். இரண்டும் இல்லை என்று விவரம் சொன்னேன். "அந்த மாதிரிப் புள்ளைக்கா சார்... பார்த்துச் சொல்றேன்." இன்னும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார். ராஜாஜி மருத்துவமனை எங்களுக்கு நடக்கிற தூரம். டாக்டருக்கும் பயிற்சிக்கும் குறைவில்லை. அங்கே போய் வருகிற ஒரு மணி நேரம் போக மீதி இருபத்து மூன்று மணி நேரத்துக்கு யார் என்பதுதான் கேள்வி.

கடைசியில் டீக்கடைக்காரர் மூலமாகச் செல்லூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை, மாதம் எட்டாயிரம். பேரனும் ஒட்டிக்கொண்டான். பிறகு நாங்கள் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பையன் தூங்குகிற நேரத்தில் சும்மாதானே இருக்கிறார் என்று பாத்திரம் தேய்க்கச் சொன்னோம். அப்புறம் துணி மடிப்பது. ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லி மீன் கழுவுவது. மூன்றாம் மாதம் ஒரு நாள், தொட்டி முழுக்கப் பாத்திரம் கிடக்கிறதே என்ற அவசரத்தில், பையனைப் படுக்கவைத்தபடியே ரசம் சாதம் ஊட்டியிருக்கிறார். புரை ஏறி உதடு நீலமாகிவிட்டது. பிழைத்தான். நான் அந்த அம்மாவைப் பார்த்து, "இதுகூடத் தெரியாதா உனக்கு?" என்று கத்தினேன். மறுநாள் அவர் வரவில்லை.

யோசித்துப் பார்த்தால், அவருக்கு எப்படித் தெரியும்? நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைச் சற்றே கீழே தாழ்த்தி, சின்ன ஸ்பூனில், ஒரு வாய் விழுங்கிய பிறகு அடுத்த வாய் கொடுக்க வேண்டும் என்று நாங்களே இரண்டு வருஷம் போய்க் கற்றுக்கொண்டோம். அவருக்கு யாரும் இரண்டு நிமிஷம்கூடச் சொல்லித் தரவில்லை.

அந்த வாரத்தில்தான் பாரிசிலிருந்து என் பள்ளித் தோழன் பேசினான். புதுச்சேரியில் இருவரும் பிரெஞ்சு வழியில் படித்தவர்கள். அவன் பிரான்சுக்குப் போனான். நான் மத்திய அரசு எழுத்தராகி மதுரைக்கு மாற்றலாகி வந்து இங்கேயே தங்கிவிட்டேன். அவன் பேத்திக்கும் இதே குறை. அங்கே ஊனமுள்ள பிள்ளையின் பெற்றோருக்கு அரசு மாத உதவி ஒன்று தருகிறது. தாயோ தகப்பனோ பிள்ளைக்காக வேலையைக் குறைத்துக்கொண்டாலும், பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஆள் வைத்தாலும், அதற்கு ஏற்ப அந்த உதவி கூடுமாம். அப்படி வைக்கிற ஆளுக்கு விண்ணப்பத்தில் பெயர் 'தியேர்ஸ் பெர்சொன்'. அப்படியே தமிழில் சொன்னால் 'மூன்றாம் ஆள்'.

போனை வைத்த பிறகும் அந்தச் சொல் மனதை விட்டுப் போகவில்லை. நம் ஊரில் மூன்றாம் மனுஷர் என்றால் வீட்டு விஷயத்தில் தலையிடக் கூடாதவர். அங்கே அவர் இல்லாமல் குடும்பம் நடக்காது என்று அரசாங்கமே ஒத்துக்கொண்டு காகிதத்தில் ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறது.

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவில், அதிக ஆதரவு தேவைப்படுகிறவர்களுக்குப் பராமரிப்பாளர் படி என்று தெளிவாக எழுதியிருக்கிறது. பழைய எழுத்தர் கண்ணுக்கு அதே பிரிவில் 'அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டு' என்ற வாலும் தெரிகிறது. தமிழக அரசு கடும் பாதிப்புள்ளவர்களுக்கும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. நன்றியோடு சொல்கிறேன், அது மருந்துக்கும் டயப்பருக்கும் சரி, ஆளுக்குக் காணாது. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான நேஷனல் டிரஸ்ட், பராமரிப்பாளர்களுக்குப் பயிற்சி தர 'சஹயோகி' என்றே ஒரு திட்டம் வைத்திருக்கிறது. நான் விசாரித்த வீடுகளில் ஒருவரும் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை.

வேலையில் இருந்தபோது குடும்ப ஓய்வூதியக் கோப்புகள் பார்த்திருக்கிறேன். சம்பாதித்துப் பிழைக்க முடியாத ஊனமுற்ற பிள்ளைக்கு, ஓய்வூதியரான பெற்றோர் காலமான பிறகு ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. பெற்றவர் செத்த பிறகு பிள்ளைக்குப் பணம் தர அரசுக்கு வழி தெரிந்திருக்கிறது. பெற்றவர் உயிரோடு இருந்து இடுப்பு ஒடிகிற காலத்தில் துணைக்கு ஆள் தரத்தான் இன்னும் வழி பிறக்கவில்லை. என் யோசனை இதுதான். வார்டுக்கு வார்டு மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இருக்கின்றன. விருப்பமுள்ள பெண்களைத் தேர்ந்து மருத்துவமனையிலேயே ஒரு மாதம் பயிற்சி கொடுத்து, சான்றிதழோடு ஒரு பதிவேடு வைத்து, சம்பளத்தில் ஒரு பங்கை அரசு ஏற்றால் போதும். இரண்டு வீடும் பிழைக்கும்.

அதுவரை நாம் செய்ய வேண்டியது என்ன? எங்கள் வீட்டு அனுபவத்தைச் சொல்கிறேன்.

இரண்டாவதாக வந்தவர் தர்கா பக்கத்துத் தெருப் பெண். இந்தத் தடவை முதல் பத்து நாள் வேலை வாங்கவில்லை. முழுச் சம்பளம் கொடுத்து என் மனைவியோடு கூடவே இருந்து பார்க்கச் சொன்னோம். பயிற்சிக்கு மருத்துவமனைக்கும் அழைத்துப் போனோம். முழங்காலை மடக்கி, பையனை மார்போடு சேர்த்துத் தூக்கப் பழகினார். நான் அலுவலகக் குறிப்பு எழுதுகிற பழக்கத்தில் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவை. கையில் சாவியோ இரும்போ கொடுக்காதே. வாயில் ஸ்பூனை நுழைக்காதே. கடிகாரத்தைப் பார். ஐந்து நிமிஷம் தாண்டினால் 108. சம்பளம் பதின்மூன்றாயிரம், வாரம் ஒரு நாள் விடுப்பு. 2007-இல் ஏற்படுத்திய வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் பதியவும் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். பாத்திரத்தை நானே தேய்க்கிறேன். இந்த வயதில் அதுவும் ஒரு உடற்பயிற்சி.

"பேச முடியாத பிள்ளையை வெளியாள் கையில் விடலாமா?" என்று கேட்பார்கள். நியாயமான பயம். 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இருவருக்கும் பொருந்தும். பிள்ளையின் ஊனத்தைப் பயன்படுத்திக் கொடுமை செய்தால் தண்டனை இன்னும் கடுமை. ஆனால் சட்டம் நடந்த பிறகு வருவது. ஆகவே வருகிறவரின் முகவரியும் அடையாள அட்டையும் வாங்கி வைத்தோம். குளிப்பாட்டுவது மகள்தான். நானோ மனைவியோ எப்போதும் வீட்டில் இருக்கிறோம். பையனின் முகத்தைத் தினமும் படிக்கிறோம். அந்தப் பெண் உள்ளே நுழைகிற சத்தம் கேட்டதும் அவன் சிரித்தால் அதுதான் எங்களுக்கு நற்சான்றிதழ்.

"பாட்டி தாத்தா இருக்கும்போது எதற்கு ஆள்?" என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாங்கள் இருக்கும்போதே வேண்டும் என்பதால்தான் ஆள். இவனை எப்படித் தூக்க வேண்டும், எந்தப் பக்கம் திருப்பினால் தூங்குவான் என்பதை இன்று சொல்லிக்கொடுக்க நாங்கள் இருக்கிறோம். நாளைக்கு இருக்கமாட்டோம்.

இதைப் படிக்கிறவர்களில் பலர் என் வயதுக்காரர்கள். உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ இப்படி ஒரு பிள்ளை இருந்தால், பணம் சேர்த்து வைப்பதோடு ஓர் ஆளையும் பழக்கி வையுங்கள். பழக்கியவருக்கு நல்ல சம்பளம் கொடுங்கள். அவர் கையில் பாத்திரத்தை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

செல்லூர் அம்மாவைத் தேடி இரண்டு முறை போனேன். வீடு மாறிவிட்டார்களாம். அன்று கத்தியதற்கு ஒரு மன்னிப்புப் பாக்கி இருக்கிறது.