திர்னோவோ எப்போது நகரமானது?

ஓர் ஊர் மாநகரத்தோடு சேர்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டால் நாம் உடனே தேதியைக் கேட்போம். எந்த ஆண்டு, எந்த ஆணை, எல்லைக்கல் எங்கே நடப்பட்டது? ஸ்லோவேனியாவின் தலைநகர் லியுப்லியானாவைச் சுற்றியிருந்த பல ஊர்களுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. கீழ் ஷிஷ்கா 1914-இல் சேர்ந்தது. மோஸ்தேயும் வீச்சும் 1935-இல். சாவா ஆற்றங்கரையில் இருக்கும் சர்னுச்சே 1980 வரை தனி ஊராகவே தாக்குப்பிடித்தது.

பழைய நகரத்துக்குத் தெற்கே, லியுப்லியானிட்சா ஆற்றில் கிராதாஷ்சித்சா என்ற சிற்றாறு வந்து கலக்கிறது. அந்தச் சிற்றாற்றின் வடகரையில் கிராக்கோவோ, தென்கரையில் திர்னோவோ. இந்த இரண்டுக்கும் மட்டும் தேதி வைத்துப் பேசினால் கதை பிடிபடாது. தனியே பிறந்து பிறகு நகரத்தால் கண்டுபிடிக்கப்பட்ட ஊர்கள் அல்ல இவை. நகர மதிலுக்கு வெளியே, நகரத்தை நம்பியே உருவானவை. கிராக்கோவோவில் மீனவர்கள், திர்னோவோவில் படகோட்டிகள், இரண்டிலும் காய்கறி போடுபவர்கள். நகரம் இல்லையென்றால் இவர்கள் யாருக்கு மீன் பிடிப்பார்கள், யாருக்குச் சரக்கு ஏற்றுவார்கள்?

படகுத் தொழிலைக் கொஞ்சம் விளக்கினால்தான் பின்னால் நடந்தது புரியும். லியுப்லியானிட்சா சுண்ணாம்புப் பாறைகளுக்கு அடியில் ஓடி, வர்ஹ்னிகா என்ற இடத்தில் வெளிப்பட்டு, பெரிய சதுப்பு நிலத்தின் நடுவே வந்து நகரத்தை அடைகிற ஆறு. சதுப்பில் சரிவு என்று சொல்லவே ஒன்றும் இல்லை. ஆறு மெதுவாக நகர்கிறது, படகுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ரோமானியர் இதைக் கண்டுகொண்டார்கள். நகரம் இருக்கும் இடத்தில் அவர்கள் கட்டிய எமோனாவுக்கு, சதுப்பின் ஓரத்திலுள்ள போத்பெச் சுரங்கத்திலிருந்து சுண்ணாம்புக்கல் தண்ணீர் வழியாகவே வந்தது. பிற்காலத்தில் திரியெஸ்தே துறைமுகத்துச் சரக்கு வண்டிகளில் வர்ஹ்னிகாவரை வரும், அங்கே படகில் ஏறும், நகரத்தில் இறங்கும். திர்னோவோக்காரர்கள் சாப்பிட்டது இந்தக் கடைசித் துண்டுப் பயணத்தின் கூலியில்.

1849-இல் வியன்னாவிலிருந்து ரயில் பாதை லியுப்லியானாவை எட்டியது. 1857-இல் அதே பாதை திரியெஸ்தேவரை நீண்டது. சதுப்பைக் கடக்க மண்மேடும், பொரோவ்னிட்சாவில் பெரிய பாலமும் கட்டினார்கள். சரக்கு வர்ஹ்னிகாவில் இறங்கி ஏறவேண்டிய அவசியமே போயிற்று. கல், விறகு போன்ற கனத்த பொருள்கள் சில காலம் படகில் வந்தன; ஆனால் அதை வைத்து ஓர் ஊர் பிழைக்க முடியாது. எந்த நகராட்சித் தீர்மானமும் திர்னோவோவைத் தொடவில்லை. அதன் தொழில் மட்டும் போய்விட்டது. ஊர்கள் கரைவதில் பெரும்பங்கு இப்படித்தான் நடக்கிறது என்பது என் கணிப்பு. ஆணை வருவதற்கு வெகுமுன்பே வேலை கைமாறிவிடுகிறது.

ஆனால் திர்னோவோ காலியாகவில்லை. ரயில் கொண்டுவந்த வளர்ச்சியால் நகரத்தில் வாய்கள் பெருகின. கேப்ரியல் குருபர் என்ற இயேசு சபைத் துறவி 1772-இல் தொடங்கி, மற்றவர்கள் கையில் 1780-இல் முடிந்த கால்வாய், சதுப்பின் வெள்ளத்தை நகரத்துக்கு வெளியே திருப்பிவிட்டிருந்தது. முழுதும் வடியவில்லை, ஆனால் பயிர் வைக்கும் அளவுக்கு நிலம் கிடைத்தது. நகரத்துக்குக் கீரை, முட்டைக்கோஸ், முள்ளங்கி எல்லாம் இங்கிருந்துதான். உடையும்போது நொறுக்கென்று சத்தம் போடும் லியுப்லியானா லெத்தூஸ் ரகம் இன்றும் விதைக்கடைகளில் நகரத்தின் பெயரோடு விற்கிறது. திர்னோவோப் பெண்கள் இலைகளைச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றதால், நகரத்தில் அவர்களுக்குக் கீரைக்காரிகள் என்றே பெயர்.

கிராக்கோவோவில் நடந்தால் இந்தப் பொருளாதாரத்தின் உருவத்தை இப்போதும் பார்க்கலாம். வீடுகளின் ஒடுக்கமான முகப்பு மட்டும் தெருவைப் பார்த்து நிற்கும். ஒவ்வொன்றின் பின்னாலும் அந்த முகப்பின் அகலத்துக்கு ஒரு பட்டை நிலம் நாடா மாதிரி நீண்டு போகும். கறுப்பு மண், வரிசை வரிசையாய்ப் பாத்திகள், ஒரு மூலையில் கருவிகள் வைக்கும் மரக் கொட்டகை. இடைக்காலத்தில் பிரித்த அதே பிரிவு. ஒரு பட்டையை விற்று மாடி கட்டுவது இன்று அவ்வளவு எளிதல்ல. இந்தத் தோட்டங்கள் பண்பாட்டு நினைவுச்சின்னமாகப் பாதுகாக்கப்பட்டவை. பாதுகாப்பைப் பாராட்டலாம். ஆனால் அங்கே களை பிடுங்குவோரில் இன்று எத்தனை பேர் சந்தைக்காகப் பயிரிடுகிறார்கள் என்று கேட்டால், பாதுகாக்கப்பட்டது தொழிலா, காட்சியா என்ற சந்தேகம் வரத்தான் செய்யும்.

நகரத்துக்காரர்களுக்கு இந்த ஊர்மேல் ஒரு மோகமும் நெடுநாளாக உண்டு. 1833-இல் ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை, கவிஞர் பிரெஷெரென் வணிகர் வீட்டுப் பெண் யூலியா பிரிமிட்ஸைக் கண்டது திர்னோவோத் தேவாலயத்தில்தான் என்பதை ஸ்லோவேனியப் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். இன்றைய இரட்டைக் கோபுரத் தேவாலயம் அதற்குப் பிறகு கட்டியது. கட்டடக் கலைஞர் யோஷே பிளெச்னிக் 1921-இல் இங்கே குடியேறி, 1957-இல் இங்கேயே இறந்தார். பங்குத்தந்தையாக இருந்த நாவலாசிரியர் பின்ஷ்கார் அவருக்கு அண்டை வீட்டுக்காரர்.

பிளெச்னிக் 1929-க்கும் 1932-க்கும் இடையில் கிராதாஷ்சித்சாமேல் கட்டிய பாலம் அந்தச் சிற்றாற்றுக்கு மிகப் பெரிது. தேவாலயத்தின் முன்வாசல் தண்ணீரைத் தாண்டி நீண்டதுபோல் அகலம். இருபுறமும் பிர்ச் மரங்கள், பாலத்தின் மேலேயே வேர்விட்டு நிற்கின்றன. ஆறு கலக்கும் இடத்தில் பழைய படகுத்துறையைக் கல்படிகளாக மாற்றினார். சரக்கு இறங்கிய கரையில் இன்று மாணவர்கள் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். 2021-இல் யுனெஸ்கோ அவருடைய லியுப்லியானாப் பணிகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது இந்தப் பாலமும் உள்ளே வந்தது.

இதையெல்லாம் ரசிக்கும்போது தண்ணீரை மறந்துவிடுகிறோம். பழைய ஊர்க்காரர்கள் ஈர நிலத்தில் கீரை போட்டார்கள், வீடு கட்டவில்லை. நகரம் இருபதாம் நூற்றாண்டில் தென்மேற்குப் பக்கம் சதுப்பின் விளிம்பில் பரவியபோது அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. கிராதாஷ்சித்சாவின் நீர் நகரத்துக்கு மேலேயே பொகால்ட்சே தடுப்பணையில் இரண்டாகப் பிரிகிறது. சிறு பங்குதான் திர்னோவோப் பாலத்தின் கீழ் வரும். வெள்ளம் மாலி கிராபென் என்ற கிளையில் போகும். 2010 செப்டம்பர் மழையில் அந்தப் பக்கத்துக் குடியிருப்புகளுக்குள் தண்ணீர் புகுந்தது. கரையை உயர்த்துவதும் படுகையை அகலப்படுத்துவதும் அதற்குப் பிறகு நகராட்சியின் நிரந்தர வேலைப் பட்டியலில் ஏறின.