வேலை பழகும் பாத்தியதை யாருக்கு?

"ஆள் கிடைப்பதில்லை, கிடைக்கிற ஆளுக்கும் வேலை தெரிவதில்லை" என்று ஏற்காட்டுக் காப்பித் தோட்ட முதலாளிமார்கள் புலம்புவது வழக்கமாகிவிட்டது. வேலை தெரிந்த ஆள் எங்கிருந்து வருவான் என்று நாம் கேட்கின்றோம். "இவனுக்குக் கவாத்து தெரியும்" என்று பிரம்மா தலையில் எழுதியா அனுப்புகிறார்? யாராவது ஒருவன் அவனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, நாலு கிளையை அவன் தப்பாய் வெட்டினாலும் பொறுத்து, சம்பளமும் கொடுத்துப் பழக்கியிருந்தாலல்லவா அவனுக்கு வேலை தெரியும்?

காப்பித் தோட்ட வேலை வெறும் கூலி வேலை என்பதே முதல் புரட்டு. வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்றொரு வண்டு உண்டு. செடியின் பட்டை வெடிப்பில் அது முட்டையிடும். புழு உள்ளே புகுந்து தண்டைக் குடையும். தண்டின்மேல் லேசாக எழும்பும் வரம்பைக் கையால் தடவிக் கண்டுபிடித்து, அந்தச் செடியைப் பிடுங்கிக் கொளுத்தாவிட்டால் பக்கத்துச் செடிகளுக்கும் கேடு வரும். நிழல் மரத்தை அதிகமாய்க் கழித்துவிட்டாலோ, வெயிலை விரும்பும் அந்த வண்டுக்கு நாமே விருந்து வைத்ததாகும். தோல் உரித்த கொட்டையை ஊறப்போட்டுக் கழுவுவதிலும் அப்படியே. ஒரு பிடி எடுத்து அழுத்தினால் வழுவழுப்புப் போய் மணல்போல் நெருநெரு என்றிருக்க வேண்டும். அந்த நேரம் தப்பினால் காப்பியின் ருசி கெட்டது. புஸ்தகத்தை எத்தனை தரம் உருப்போட்டாலும் இது விரலுக்கு வராது. தெரிந்தவர் கூடவே நின்றுதான் பழக வேண்டும்.

இந்த உண்மை வெள்ளைக்காரனுக்கு நன்றாய்த் தெரிந்திருந்தது. 1820களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பியைக் கொண்டுவந்து வைத்தார். பின்னால் துரைமார்கள் வந்து தோட்டம் போட்டார்கள். அக்காலத்துத் தோட்ட உலகில் ஆளைப் பழக்கிய முறையைப் பார்க்க இலங்கை நல்ல உதாரணம். சீமையிலிருந்து ஒன்றும் தெரியாமல் வந்திறங்கும் வாலிபனுக்கு அங்கே "கிரீப்பர்" என்று பெயர். அவன் பெரியதுரையின் பங்களாவிலேயே தங்கித் தொழில் பழகுவான். பிறகு சின்னத்துரை, அதன்பின் பெரியதுரை! அவன் செய்த தப்பையெல்லாம் "பழகுகிறான்" என்று பொறுத்துக்கொண்டார்கள்.

அவனுக்கு அந்தச் செடியை அடையாளம் காட்டியவன் யார்? முப்பது வருஷம் அதே சரிவில் நின்ற ஆள்தான். அவனுக்கு முதல் நாளும் "ஆள்" என்றே பெயர், கடைசி நாளும் "ஆள்" என்றே பெயர். பெண்ணானால் கூலியும் குறைவு. துரைமார் போன பிறகாவது இது மாறிற்றா? தோட்டம் கை மாறிற்று, ஏணி மாறவில்லை. மேற்பார்வை உத்தியோகத்திற்குக் கீழ்நாட்டிலிருந்து ஆளை ஏற்றுகிறார்கள். மலையிலேயே பிறந்த மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளோ பிழைப்புத் தேடி மலையிறங்கிப் போகிறார்கள்.

"வேலை செய்து பழகவேண்டும் என்றுதானே 1953-ல் ஆச்சாரியாரும் சொன்னார், அதை ஏன் எதிர்த்தீர்கள்?" என்று சில புத்திசாலிகள் கேட்கலாம். இரண்டும் ஒன்றல்ல. பாதிப் பொழுது பள்ளிக்கூடம், மீதிப் பொழுது அப்பன் தொழில் என்பதே ராஜகோபாலாச்சாரியார் திட்டம். அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வந்தது. 1954-ல் காமராசர் முதல் மந்திரியானதும் அது ஒழிந்தது. அப்பன் தொழில்தான் மகனுக்கென்றால், கிராம முன்சீபின் பிள்ளை சேலத்தில் வக்கீலாகி, கவர்னர் ஜெனரலாகவும் ஆனதெப்படி? நாம் கேட்பது பிறந்த தொழிலில் கட்டிப்போடுவதையல்ல. எவன் பிள்ளையானாலும் எந்தத் தொழிலிலும் கீழ்ப்படியில் கால் வைக்கவும், அங்கிருந்து மேலேறவும் வழியிருக்க வேண்டும் என்பதே.

வக்கீல் என்றதும் ஒன்று ஞாபகம் வருகின்றது. ஜூனியர் வக்கீல்களைச் சும்மா வேலை வாங்கக்கூடாது, சென்னை, மதுரை, கோயமுத்தூரில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தது கொடுக்க வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை ஐகோர்ட்டு சொல்லிற்று. மிகவும் சரி. கறுப்புக் கோட்டுக்காரர் பழகும் காலத்துக்கு வயிறு உண்டென்றால், கவாத்துக் கத்திக்காரனுக்கு மட்டும் இல்லையா?

சட்டமே இல்லையென்று சொல்ல முடியாது. 1961-ம் வருஷத்துத் தொழில் பழகுநர் சட்டம் இருக்கின்றது. ஒப்பந்தம் எழுதவேண்டும், உதவித்தொகை கொடுக்கவேண்டும் என்கின்றது. தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் இடம் ஒதுக்கச் சொல்கின்றது. ஆனால் அதே சட்டம் பழகுநர் தொழிலாளியல்லர் என்றும் சொல்லி வைத்திருக்கின்றது. இந்த ஓட்டையில் புகுந்துதான், ஒரு பழகுநர் போனால் இன்னொரு பழகுநர் என்று ஆளை மாற்றி மாற்றி, நிரந்தர உத்தியோகமே கொடுக்காமல் காலந்தள்ளுகிற முதலாளிகளும் இருக்கிறார்கள்.

ஆகவே ஏற்காட்டு முதலாளிமார்கள் அடுத்த பழ எடுப்புக்குள் ஒரு காரியம் செய்து காட்டட்டும். தோட்டத்துக்கு இரண்டு பேர், அதில் ஒருத்தி பெண்ணாக, மலைக் கிராமத்திலிருந்து எடுத்து, பழகும் காலம் இவ்வளவு, சம்பளம் இவ்வளவு, முடிந்தபின் இன்ன உத்தியோகம் என்று காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். அதற்கு இஷ்டமில்லாதவர்கள் ஆள் கிடைக்கவில்லை என்கிற ஒப்பாரியை நிறுத்திக்கொள்ளட்டும்.