மனக்கொதிப்பு பாவமன்று



துறையூர்ப் பக்கத்துக் குடும்பங்களிலிருந்து ஒரு கவலை அண்மைக் காலமாக நம் செவிக்கு எட்டுகிறது. நன்கு படிக்கும் பெண்பிள்ளை. சிறு சொல்லுக்கும் குமுறுகிறாள். கதவைத் தாழிட்டுக்கொண்டு தன் உடலையே புண்படுத்திக்கொள்கிறாள். பெற்றோர் முதலில் ஏசுகின்றனர். பிறகு மந்திரிக்க அலைகின்றனர். கடைசியாகப் பங்கு இல்லத்துக்கு வந்து, "சாமி, இவளுக்கு விசுவாசம் போதவில்லை" என்கின்றனர்.

இவர்களுக்கு மார்ஷா லினஹான் என்னும் அமெரிக்கக் கத்தோலிக்கப் பெண்மணியின் வரலாற்றைக் கூற விழைகிறோம். 1943-இல் டல்சா நகரில் பிறந்த இவர், இதே துன்பத்தால் 1961-இல், தம் பதினேழாம் வயதில், ஹார்ட்ஃபோர்டு நகர மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கிருந்தார். மருந்தும் மின் அதிர்ச்சியும் பயன் தரவில்லை. 1967-இல் சிக்காகோவில் ஒரு சிற்றாலயத்தில் சிலுவையை நோக்கிச் செபித்திருக்கையில், தம்மைத் தாமே நேசிக்க முடியும் என்னும் உணர்வு தமக்குள் பிறந்ததாகப் பின்னாளில் கூறினார். மனப்புயல்கள் மீண்டும் வந்தன. ஆயினும் தம்மைக் காயப்படுத்தாமல் அவற்றைக் கடக்க அவரால் இயன்றது.

அருள் கிட்டிவிட்டது, இனிக் கல்வி எதற்கு என்று அவர் இருந்துவிடவில்லை. இயேசு சபையாரின் லொயோலா பல்கலைக்கழகத்தில் 1971-இல் முனைவர் பட்டம் பெற்று, சியாட்டில் நகரில் பேராசிரியராகி, தம்மைப் போன்றோருக்கென்றே ஒரு சிகிச்சை முறையை வகுத்தார். அதன் பயனைக் காட்டும் முதல் ஆய்வு 1991-இல் வெளிவந்தது. தம் சொந்தக் கதையையோ 2011-இல்தான், அதே மருத்துவமனையில் நின்று, உலகறியச் சொன்னார்.

அச்சிகிச்சையில் வாரந்தோறும் மனநல உளவியலாளருடன் தனி உரையாடலும், குழுவாக அமர்ந்து கற்கும் வகுப்பும் உண்டு. எழும் உணர்ச்சியைப் பெயர் சொல்லி அறிவது, கொதிக்கும் வேளையில் குளிர்ந்த நீரில் முகத்தை ஆழ்த்தி நெஞ்சப் படபடப்பைத் தணிப்பது (இதய நோயுள்ளோர் மருத்துவரைக் கேளாமல் செய்யலாகாது), சினம் தாக்கத் தூண்டும்போது மெல்ல விலகி நிற்பது ஆகிய பழக்கங்கள் அங்கே பயிற்றப்படுகின்றன. தையல் கற்பது போலத்தான். ஒரே நாளில் வாராது.

பெற்றோர்க்கும் இதில் பாடம் உண்டு. "இதற்கெல்லாமா அழுவார்கள்?" என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கப்படும் குழந்தை, தன் உணர்ச்சியையே நம்ப இயலாமற் போகிறது என்கிறார் லினஹான். "உனக்கு வலிக்கிறது, அம்மாவுக்குப் புரிகிறது" என்பது பிள்ளையின் செயலை ஒப்புக்கொள்வதாகாது. வலியை மட்டுமே ஒப்புக்கொள்வதாகும். இவ்வேறுபாட்டை அறியாமல் எத்தனை வீடுகளில் பேச்சே நின்றுபோயிருக்கிறது!

நற்கருணைக்கு முன் பிள்ளையோடு முழந்தாளிடுங்கள். அதனை நாம் ஒருபோதும் தடுக்கமாட்டோம். ஆனால் பாவசங்கீர்த்தனத் தொட்டி மருத்துவமனையன்று. திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தனியாரிடம் செல்வதாயின், உளவியலாளர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவரா எனக் கேளுங்கள். நள்ளிரவில் அச்சம் எழுந்தால் 14416 என்னும் அரசுத் தொலைபேசி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். உயிருக்கே ஆபத்து எனத் தோன்றினால், பிள்ளையைத் தனியே விடாமல், அப்போதே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பங்கு இல்லத்துக்குப் பிறகு வரலாம்.