மோட்டார் சைக்கிளுக்குப் போட்ட வேலி!

இங்கிலாந்தின் மேற்குக் கடற்கரையில் சவுத்போர்ட். கிழக்குக் கடற்கரையில் ஹார்ன்சி. இடையில் 215 மைல். இந்தக் கடலில் இருந்து அந்தக் கடல் வரை நடந்தே போகலாம்; சைக்கிளிலும் போகலாம். 'டிரான்ஸ் பென்னைன் டிரெயில்' என்று அந்தப் பாதைக்குப் பெயர். 2001-ம் ஆண்டு திறந்தார்கள்.

பாதையில் பெரும்பகுதி ரெயில் ஓடிய தடம், கால்வாய்க் கரை. ஹார்ன்சி ரெயில் 1964-ல் நின்றது. மலையைக் குடைந்து போன உட்ஹெட் ரெயில் 1981-ல் நின்றது. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, அந்த இடத்தை ஜனங்களுக்கு விட்டார்கள். சபாஷ்!

ரெயில் போன தடம் அதிகம் மேடு ஏறாது. நடுவில் மலைப்பகுதிதான் கொஞ்சம் மூச்சு வாங்கும். மற்றபடி வயசானவர்கள், கால் ஊனமானவர்களுக்கு இதைவிட நல்ல பாதை எங்கே கிடைக்கும்?

ஆனால் அவர்களைத்தான் உள்ளே விடமாட்டேன் என்கிறது இரும்பு வேலி!

காலிப் பையன்கள் மோட்டார் சைக்கிளில் பறந்தார்கள். நடப்பவர்கள் பயந்தார்கள். அதற்காக நுழைவாயில்களில் வளைந்து நெளிந்து போகிற மாதிரி வேலி போட்டார்கள். சில இடங்களில் கைப்பிடி உயரத்தில் நெருக்கிப் பிடிக்கும் இரும்புச் சட்டம். சாதாரண சைக்கிள் நுழையும். சக்கர நாற்காலி? மூன்று சக்கர சைக்கிள்? மாட்டிக்கொள்ளும். சில கேட்டுக்குத் தனிச் சாவி உண்டு. அதை வாங்கி வைத்திருக்க வேண்டும். காற்று வாங்கப் போகிறவன் சாவியோடு போக வேண்டுமாம்!

மோட்டார் சைக்கிள்காரனோ, ஆள் துணை இருந்தால் வண்டியைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான்.

நாடு முழுக்க உள்ள சைக்கிள் பாதைகளில் இப்படி 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடைகள் இருப்பதாக 2018-ல் சஸ்ட்ரான்ஸ் அறக்கட்டளை கணக்கெடுத்தது. அதன்பின் பல இடங்களில் அகற்றினார்கள். வளைவு வேலி வேண்டாம், கம்பம் நட்டால் ஒன்றரை மீட்டர் இடைவெளி விடுங்கள் என்று 2020-ல் அரசாங்கமே வழிகாட்டுதல் கொடுத்தது. ஊனமுற்றோருக்குப் பாகுபாடு காட்டக்கூடாது என்று 2010-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

இத்தனைக்கும் இந்தப் பாதை போட லாட்டரிப் பணமும் போயிருக்கிறது. சீட்டு வாங்கியவர்களில் ஊனமுற்றவரும் இருந்திருப்பார். அவரிடம் யாரும் வேலி போட்டு மறிக்கவில்லை.

மோட்டார் சைக்கிளைப் பிடிப்பது போலீஸ் வேலை. அதை அவர்கள் பார்க்கட்டும். பாதை எந்தெந்த ஊர் வழியாகப் போகிறதோ, அந்தந்த ஊர் கவுன்சில் மிச்சம் இருக்கும் வேலியை எடுக்க வேண்டும்.